முறைக் கதிரை

1

சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை பின்னேரம் லண்டனில் இருந்து என் கணவரின் அண்ணன் அழைத்தார். தொலைபேசியை எடுத்தவள் எங்கள் மகள் நிலானி. வயது ஏழு. நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டு நின்றேன். அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது.

"ஹலோ சிவா! எப்பிடிச் சுகம்? ரவி வெளிய நிக்கிறார். கூப்பிடவா?"

சிவா அவளுடைய பெரியப்பா. ரவி அவளைப் பெற்ற தகப்பன். "அம்மாட்ட குடு" என்ற சிவா அத்தானின் குரல் குசினி வரைக்கும் வந்தது. மீன் கையோடு போய் வாங்கினேன்.

"என்ன வாணி வளர்ப்பு இது? தகப்பனையும் பேர் சொல்லுறாள், என்னையும் பேர் சொல்லுறாள்."

"பள்ளிக்கூடத்தில அப்பிடித்தான் அத்தான். ரீச்சரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுறாங்க."

"ரீச்சரையுமா? அது என்ன பள்ளிக்கூடமா, மீன் சந்தையா? சோதினை இல்ல, புள்ளி இல்ல, மரியாதையும் இல்ல. கோடை லீவோட வெளிக்கிடுங்க. ரவிக்கு இஞ்ச வேலை சொல்லி வச்சிரிக்கன். பக்கத்துத் தெருவில டியூஷன். மற்றப் புள்ளயள் எல்லாம் எங்க நிக்குது, உங்கட புள்ள எங்க நிக்குது?"

ரவி வந்து வாங்கிப் பேசினார். "யோசிப்பம் அண்ணன்" என்றார். அவர் அண்ணனிடம் 'இல்லை' என்று சொல்லி நான் கேட்டதில்லை.

வெளிநாட்டில் இருந்து நாங்கள் எழுதி அனுப்புவதில் பனியும் ஏக்கமும் நிறைய இருக்கும் என்று ஊரில் இருக்கிற உங்களுக்குத் தெரியும். இதில் இரண்டும் குறைவு. ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தை விட்டுப் போக நான் ஏன் சம்மதிக்கவில்லை என்பதுதான் விசயம். உண்மையில் இரண்டு பள்ளிக்கூடங்கள். ஒன்று இங்கே இருக்கிறது. மற்றது எரிந்துவிட்டது.

2

நாங்கள் இருப்பது நோர்வேயின் வடமேற்குக் கரையில், மீனை நம்பிய ஒரு சிறிய ஊர். ரவி மீன் ஆலையில் வேலை செய்கிறார். நான் ஊரில் தொழில்நுட்பக் கல்லூரியில் கட்டிட வரைபடம் வரையப் படித்தவள். இங்கே மறுபடி படித்து, நகரசபையில் தண்ணீர்க் குழாய்களின் வரைபடங்களைப் பார்க்கிறேன். எதையும் பட்டியலாக்கிப் பார்ப்பது அந்தத் தொழில் தந்த பழக்கம். வீட்டில் பிளாஸ்டிக் பெட்டிகளுக்குக்கூட என்னிடம் பட்டியல் இருக்கிறது என்று ரவி பகிடி பண்ணுவார். இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் நகரசபை இந்த ஊரின் பள்ளிக்கூடத்தை மூடியது. பிள்ளைகளின் எண்ணிக்கை காணாது, பஸ்ஸில் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும் என்றது. பெற்றோர் மறுத்தார்கள். அதே கட்டிடத்தை வாடகைக்கு எடுத்துச் சொந்தமாகப் பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். தலைமை ஆசிரியை பெரித். பெரிய பிள்ளைகளும் சின்னப் பிள்ளைகளும் ஒரே அறையில் இருப்பார்கள். சண்டை வந்தால் பிள்ளைகளே கூடித் தீர்ப்பார்கள். முதலாம் பிள்ளை, கடைசிப் பிள்ளை என்ற கதையே கிடையாது. கிழமைக்கு ஒரு வீடு என்ற முறையில் பெற்றோர் ஒருவர் வந்து ஒரு நாள் முழுக்கப் பிள்ளைகளோடு நிற்க வேண்டும். தனக்குத் தெரிந்த எதையாவது செய்து காட்ட வேண்டும். ரவி தன் முறைக்குப் போய்ப் பிள்ளைகளின் சைக்கிள்களைக் கழற்றிப் பூட்டினார். சட்டை முழுக்க எண்ணெயோடு வந்து, "ஒரு சைக்கிள் மட்டும் இன்னும் பூட்டுப்படல்ல" என்றார். அவர் அப்படிச் சிரித்து நான் கண்டு கன நாள்.

முதல் கூட்டத்தில் நான் செய்த பிழையையும் சொல்ல வேண்டும். பெரித் உள்ளே வந்ததும் நான் எழுந்து நின்றேன். ரீச்சர் வந்தால் எழும்பாமல் இருக்க என் கால்களுக்குத் தெரியாது. என்னைக் கண்டு பக்கத்தில் இருந்த பெண்ணும் எழுந்தாள். அவளைக் கண்டு இன்னும் இருவர். "தீ அலாரமா?" என்று ஒருவர் கதவைத் திறந்துவிட்டார். பெரித் அறை நடுவில் நின்று எங்கள் எல்லோரையும் பார்த்து, தானும் வெளியே போகவா என்று கேட்டார்.

இந்த வருடம் பள்ளிக்கூடத்தின் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். தலைநகரில் இருந்து ஒரு அதிகாரி வருவார் என்று கடிதம் வந்தது. பெற்றோர் ஒரு பக்கத்தில் பதில் எழுதி வைக்க வேண்டும்: அரசாங்கப் பள்ளிக்கூடம் தராத எதை இந்தப் பள்ளிக்கூடம் குடும்பங்களுக்குத் தருகிறது? கூட்டத்தில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "வாணி பட்டியல் போடுவாள்" என்றார் பெரித். ஓம் என்று வாங்கிவந்தேன்.

வாங்கும்போது ஒரு விசயத்தை நான் சொல்லவில்லை. அனுமதிக்கு வேண்டிய அளவுக்குத்தான் பிள்ளைகள் இருக்கிறார்கள். நிலானி போனால் கணக்கு இடிக்கும். நாங்கள் லண்டனுக்குப் போனால் இந்தப் பள்ளிக்கூடம் மூடப்படும்.

எழுத உட்கார்ந்தேன். சிறிய வகுப்பு. சூடான மத்தியானச் சாப்பாடு. புதன்கிழமைகளில் காடு. வாசித்துப் பார்த்தபோது குழாய் விற்கிற கடையின் விலைப்பட்டியல் போல இருந்தது. அதில் ஒரு மனிதர்கூட இல்லை.

முதலாவதாக எழுத வேண்டியது நோர்வேயில் நடந்தது அல்ல என்று அப்போதுதான் தெரிந்தது.

3

எங்கள் ஊர் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், மண்டூருக்கு அப்பால். நான் மூன்றாம் வகுப்பில் இருந்த காலத்தில் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் இராணுவம் வந்து குந்தியது. வாவிக்கு அந்தப் பக்கம் இருந்து வந்த ஆசிரியர்கள், பாதை ஓடாததால் நின்றுவிட்டார்கள். பாதை என்று நாங்கள் சொல்வது ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவையை. அது நின்றால் ஊர் நின்றுவிடும்.

கிறேஸ் ரீச்சர் அந்த நேரம் எங்கள் ஊரில் அகப்பட்டுக்கொண்டவர். மட்டக்களப்பு நகரத்தில் மெதடிஸ்த குடும்பம். அக்காவின் பிள்ளைப்பேற்றுக்கு வந்தவர், திரும்பிப் போக வழியில்லை. இருபத்தைந்து வயதுகூட இராது. சும்மா இருக்கத் தெரியாதவர். எங்கள் அம்மாவிடம் வந்து, "மில்லின்ட திறப்பு உங்கட வீட்டிலதானே?" என்று கேட்டார்.

இருந்தது. அப்பா ஊரின் நெல்லு மில்லில் எந்திரம் ஓட்டியவர், சாவி அவர் கையில்தான். மில் முதலாளி கலவரத்தோடு கொழும்புக்குப் போய்விட்டார். நெல் மூட்டை அடுக்கும் கொட்டில் காலியாகக் கிடந்தது. அதில் பாய் விரித்துப் பள்ளிக்கூடம் தொடங்கியது. பிரம்பு இல்லை. முதலாம் பிள்ளை, இரண்டாம் பிள்ளை என்று இடம் போடுதலும் இல்லை. அஞ்சாம் வகுப்பு ஸ்கொலசிப் என்ற புலமைப்பரிசில் சோதனைக்கு ஆயத்தப்படுத்துவீர்களா என்று கேட்டவர்களிடம், "எல்லாரையும் வாசிக்க வைக்கிறன். சோதினை நடக்கிற காலம் வந்தா அதையும் எழுதட்டும்" என்றார் ரீச்சர்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டில் இருந்து பெரிய ஆள் ஒருவர் வந்து பகல் முழுக்க எங்களோடு இருக்க வேண்டும். இராணுவச் சுற்றிவளைப்பு நடந்தால் பிள்ளைகளோடு இரண்டு பெரியவர்களாவது வேண்டும் என்பது ஒரு காரணம். மற்றக் காரணத்தை அவர் பிறகுதான் சொன்னார். அப்படி வருகிறவர் இருப்பதற்கு ஒரு கதிரை. மில் கந்தோரில் மேசைக்குப் பின்னால் இருந்த முதலாளியின் பிரம்புக் கதிரை. அதில் ஊரார் எவரும் இருந்ததில்லை. பிள்ளைகளுக்கும் ரீச்சருக்கும் பாய், முறைகாரருக்குக் கதிரை. கதிரையில் இருக்கிறவரைப் பிள்ளைகள் எல்லோரும் மாமா, மாமி என்றுதான் கூப்பிட வேண்டும்.

முறை எங்களுக்குப் புதிதல்ல. எங்கள் கோயில்களில் திருவிழா நாட்கள் தாய்வழிக் குடிகளுக்குப் பங்கு பிரித்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இன்ன குடிக்கு இன்ன நாள், இன்னார் முதல், இன்னார் பிறகு. அதற்காக மண்டை உடைந்த கதைகளும் உண்டு. ஆகவே பள்ளிக்கூட முறையை ஒழுங்குபண்ணக் கூடிய கூட்டத்துக்குக் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரும் வந்திருந்தார். அவருடைய பேரப்பிள்ளைகளும் எங்களோடு படித்தார்கள்.

"பள்ளிக்கூடம் எண்டாலும் ஒரு ஒழுங்கு வேணும் ரீச்சர்" என்றார்.

"எங்க இருந்து தொடங்குவம் ஐயா?"

"வாவிப்பக்கத்தில இருந்து தொடங்குங்க. சாமியும் தீர்த்தமாடி அங்க இருந்துதானே வாறவர்."

எல்லோரும் தலையாட்டினார்கள். ரீச்சர் சோக்கட்டியை எடுத்துக் கொட்டில் சுவரில் வீடுகளை வரிசையாக எழுதினார். வாவிக்கு மிகக் கிட்ட இருந்த வீடு பூரணத்தின் வீடு.

ஊருக்கு உடுப்பு வெளுக்கும் குடும்பம் அது. எங்கள் பக்கத்தில் கட்டாடி என்போம். பூரணத்துக்கு என் அம்மாவின் வயது. ஆனால் பால்குடி மறந்த பிள்ளைகூட அவரைப் "பூரணம்" என்றுதான் கூப்பிடும். அக்கா இல்லை, மாமி இல்லை. ஒருவரும் அதை மரியாதைக் குறைவு என்று சொன்னதில்லை, அப்படித்தான் நடந்தது. அவருடைய மகள் பவளம் என் வகுப்பு. கோயில் முறையில் அந்த வீட்டுக்கு நாள் கிடையாது. அதனால் வாவிப்பக்கத்தில் ஒரு வீடு இருப்பதே வண்ணக்கரின் நினைவுக்கு வரவில்லை. மற்றவர்களுக்கும் வரவில்லை.

சுவரில் பெயரைப் பார்த்த பிறகுதான் வந்தது. வீட்டுக்கு நடக்கும்போது அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. "மனுசன் தன்ட வாயாலேயே சொல்லிப்போட்டார்."

4

அடுத்த நாள் காலை பாயில் பாதி இடம் வெறுமை. வண்ணக்கர் வீட்டுப் பிள்ளைகள் இல்லை. அவர்களைப் பார்த்து இன்னும் பல வீடுகள் பிள்ளைகளை அனுப்பவில்லை. அம்மா என்னைக் கையில் பிடித்துக் கொண்டுவந்து விட்டா. விட்டபின் போகாமல் வாசலிலேயே நின்றா.

பூரணம் வந்தார். தோய்த்த சேலை. தலைமுடி இழுத்து முடிந்திருந்தது. கொட்டிலுக்கு வெளியே, ஓலை நிழலில் நின்றார்.

"உள்ளுக்கு வாங்க" என்றார் ரீச்சர்.

"நான் இதில நிக்கன் ரீச்சர். இதில நிண்டாலும் புள்ளயளப் பாக்கலாம்."

"முறைகாரர் கதிரையில இருக்கணும்."

"அது முதலாளிர கதிரை. எனக்கு என்னத்துக்கு? ஊர்ப் பகையை நான் எங்க கொண்டுபோய் வைக்க?"

பாயில் எனக்குப் பக்கத்தில் இருந்த பவளம் எழும்பி வெளியே போய்த் தாயின் கையைப் பிடித்தாள்.

"இருங்கம்மா. எங்கட முறை."

பூரணம் வந்து கதிரையின் விளிம்பில் இருந்தார். இறங்கி ஓடுவதற்கு ஆயத்தமானவர் மாதிரி இரண்டு கால்களையும் நிலத்தில் ஊன்றியிருந்தார். எங்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்றார் ரீச்சர். எனக்கு ஒன்றும் தெரியாது என்றார் பூரணம். பிறகு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பார்க்கப் பார்க்க முகம் மாறியது.

"உங்கட சட்டையெல்லாம் எனக்குத் தெரியும்" என்றார். "மூஞ்சியத்தான் இண்டைக்குப் பாக்கன்."

நாங்கள் விழுந்து சிரித்தோம். அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு என் பக்கத்தில் இருந்த பொடியனைப் பார்த்து, "நீதானே பொக்கற்றுக்குள்ள புளியங்கொட்டையப் போட்டு அனுப்புறது?" என்று கேட்டார். அவன், "இல்ல மாமி, தம்பி" என்றான். மாமி என்ற சொல் அந்தக் கொட்டிலில் முதல்முதல் அப்படித்தான் வந்தது, ஒரு பொய்யோடு சேர்த்து.

மத்தியானத்துக்குக் கிட்ட வண்ணக்கர் வந்தார். உள்ளே வரவில்லை.

"ரீச்சர், நீங்க வெளியூர். மாமி எண்டா எங்களுக்க என்ன முறை எண்டு தெரியுமா?"

"தெரியும் ஐயா. நானும் மட்டக்களப்புத்தான்."

"நாளைக்கு இவன் அவள்ர மகளக் கட்டப் போறன் எண்டு நிண்டா?" என்று அந்தப் பொடியனைக் காட்டினார்.

"முதல்ல இவன் எழுத்துக் கூட்டி வாசிக்கட்டும்" என்றார் ரீச்சர்.

பூரணம் எழும்பப் பார்த்தார். அம்மா வாசலில் இருந்து இரண்டே எட்டில் போய் அவருடைய தோளில் கையை வைத்து அமர்த்தினா. வண்ணக்கரைப் பார்த்துச் சொன்னா:

"வாவிப்பக்கத்தில இருந்து எண்டு சொன்னது நீங்கதானே. சாமியையும் சாட்சிக்கு இழுத்தீங்க. இனி நாங்க மாத்தினா சாமிக்குத்தான் குறை."

வண்ணக்கர் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். பூரணம் அன்று பள்ளிக்கூடம் விடும்வரை கதிரையில் இருந்தார். கடைசியில் சாய்ந்தும் இருந்தார்.

5

வண்ணக்கரின் பேரப்பிள்ளைகள் ஒரு கிழமை வரவில்லை. அவர்களை மறுபடி பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவர் அவருடைய சொந்த மகள் மனோன்மணி. "வீடு ஆர்ர பேரில இரிக்கி அப்பா? எனக்குச் சீதனமாத் தந்த வீடுதானே. வீட்டுக்குத்தானே முறை. அப்ப முறை என்ட" என்று அவர் கேட்டதை வேலிக்கு வேலி சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான்.

மனோன்மணி தன் முறைக்கு வந்த நாள், பூரணம் பவளத்தைக் கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். மனோன்மணி கதிரையைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவரிடம் கேட்டார்:

"இதில முள்ளுக்கிள்ளு இரிக்கா பூரணம்?"

"இல்லகா. மூட்டைப்பூச்சிதான் இரிக்கி."

சமமான ஒருத்தியிடம் பேசும்போதுதான் நாங்கள் அந்தக் 'கா'வை ஒட்டுவோம். மனோன்மணி ஒரு நொடி நின்றார். பிறகு சிரித்துக்கொண்டு போய் இருந்தார். அன்று முழுக்கச் சொறிந்தார்.

ஊர் திருந்திவிட்டது என்று எழுத மாட்டேன். கோயில் முறையில் ஒரு நாளும் மாறவில்லை. ஒரு வீடு கடைசிவரை பிள்ளையை அனுப்பவே இல்லை. ஆனால் அந்தக் கொட்டிலுக்குள் நாங்கள் எல்லோரையும் மாமா, மாமி என்றோம். பிறகு தெருவிலும் அது வாயில் வந்துவிட்டது. தெருவில் அப்படிக் கூப்பிட்டதற்காக எனக்குப் பெரிய மாமா ஒருவர் குட்டினார். அம்மா அவரை வீட்டுக்கு அழைத்துத் தேத்தண்ணீர் கொடுத்து, "இனிக் குட்டினா என்ட தலையில குட்டுங்க" என்றா.

ஒருநாள் இராணுவம் வந்தது. கதிரையில் அன்று இருந்தவர் வாவியில் இறால் பிடிக்கும் தம்பிப்பிள்ளை மாமா. துவக்கோடு நின்றவன் கொச்சைத் தமிழில், "நீ மாஸ்ரரா?" என்று கேட்டான். தம்பிப்பிள்ளை மாமா எழும்பாமல், "ஓம். இண்டைக்கு" என்றார். அவன் எங்களைப் பார்த்தான், சுவரில் இருந்த பெயர்களைப் பார்த்தான், போய்விட்டான். அவர்கள் போனபிறகுதான் மாமா கதிரையை விட்டு எழும்பினார். ரீச்சர் தண்ணீர் கொடுத்தார்.

இரண்டாவது மழைக்காலத்துக்கு முன் நடந்த ஒரு இராணுவத் தேடுதலில் மில் எரிந்தது. கொட்டிலும் சுவரும் கதிரையும் போயின. நாங்கள் காட்டுப் பக்கம் ஓடினோம். கிறேஸ் ரீச்சர் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தார் என்று பிறகு அறிந்தோம். முறை வைத்ததற்கான மற்றக் காரணத்தை அவர் சொன்னது அந்த ஓட்டத்தில்தான். அம்மா கேட்டா, "இவ்வளவு சண்டை பிடிச்சு அந்தக் கதிரைய ஏன் ரீச்சர் வச்சீங்க?" ரீச்சர் சொன்னார்: "புள்ளைக்கு எழுத்து நான் படிப்பிப்பன். தன்ட தாய் தகப்பன் ஆர் எண்டு மற்றப் புள்ளயளுக்கு முன்னால ஒரு நாளாவது அது பாக்கணும். அத நான் படிப்பிக்க ஏலாது."

6

பழைய பட்டியலைக் கிழித்துப் போட்டேன். புதிதாக எழுதத் தொடங்கியதும் ஒரு தடை வந்தது. 'இங்கே எல்லா வீட்டுக்கும் முறை உண்டு' என்று எழுதிவிட்டு, முறை அட்டவணையை எடுத்துச் சரிபார்த்தேன். ஒரு வீடு இல்லை. சோமாலியாவில் இருந்து வந்த ஹோதான் என்ற தாயின் வீடு. அவருடைய மகன் நிலானியின் கூட்டாளி.

பெற்றோர் கூட்டத்தில் கேட்டேன். ஒரு தகப்பன் நல்ல மனதோடுதான் சொன்னார்: "அவருக்கு மொழி இன்னும் சரியாக வராது. சிரமப்படுத்த வேண்டாம் என்று விட்டோம்."

"சிரமப்படுத்த வேண்டாம் என்றுதான் எங்கள் ஊரிலும் சொல்வார்கள்" என்றேன். "அவருடைய பெயரைப் போடாவிட்டால் நான் எழுதிய முதல் வரி பொய். பொய்க்கு நான் பட்டியல் போட மாட்டேன்."

என் நோர்வே மொழியில் ஏதாவது பிழைத்துவிட்டதோ என்று நினைத்தேன். பெரித் எழுந்து அட்டவணையில் அடுத்த கிழமைக்கு நேரே ஹோதானின் பெயரை எழுதினார். அவருடைய முறை நாளில் நான் வீட்டில் இருந்து ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு போனேன். ஹோதான் அதில் இருந்து, தன் ஊர்ப் பிள்ளைகளின் கைதட்டு விளையாட்டு ஒன்றைக் காட்டினார். நிலானி இன்னும் அதை விடவில்லை. என் கை சிவக்கிறது.

அடுத்த ஞாயிறு அத்தான் மறுபடி அழைத்தார். இந்த முறை எடுத்தது நான்.

"என்ன முடிவு எடுத்தீங்க? அந்தப் புள்ளைக்கு மரியாதை படிப்பிச்சாச்சா?"

"அத்தான், ஒண்டு கேக்கன். சின்ன வயசில உங்கட வீட்டுக்கு உடுப்பு எடுக்க ஒரு மனுசன் வாறவர்தானே. அவர என்னெண்டு கூப்பிட்டீங்க?"

"அது வேற."

"அவருக்கு எத்தின வயசு? உங்களுக்கு எத்தின வயசு?"

"வாணி, நீ கதைய மாத்துறாய்."

"இல்ல அத்தான். என்ட மகள் ஒரு ஆளையும் விடாம எல்லாரையும் பேர் சொல்லுறாள். நாங்க ஆள் பாத்துத்தானே சொன்னம். அவள்ர பழக்கம் எனக்குப் பரவாயில்ல."

ரவி கையை நீட்டினார். கொடுத்தேன். அவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன், அவருடைய அனுமதியோடு.

"அண்ணன், நீ ஸ்கொலசிப் பாஸ். நான் பெயில். அண்டையில இருந்து வீட்டில உனக்கு முட்டைக்கோப்பி, எனக்கு வெறுந்தேத்தண்ணி. நினைவிரிக்கா? அம்மாவில கோவமில்ல. ஒரு முட்டைதான் இருந்திச்சி, படிக்கிற புள்ளைக்குக் குடுத்தா. ஆனா என்ட புள்ளைய வரிசையில நிப்பாட்டி, இதுக்கு முட்டையா தேத்தண்ணியா எண்டு ஒருத்தரும் பாக்கப்படாது. நாங்க வரல்ல."

எனக்கும் கேட்கட்டும் என்று ரவி தொலைபேசியைக் காதில் இருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தார்.

"முட்டைக்கோப்பி எனக்குப் புடிக்கவே இல்லடா" என்றார் அத்தான். "வாந்தி வாற மாதிரி இரிக்கும். சொல்லப் பயம்."

ரவி சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அத்தான் அதோடு சமாதானமாகிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். வைக்கும்போது, "டியூஷன் இல்லாம அந்தப் புள்ள என்னவா வரும் எண்டு பாக்கத்தானே போறன்" என்றார். பார்க்கட்டும்.

நிலானிக்கு நான் வைத்த சட்டம் ஒன்றுதான். பேர் சொன்னால் எல்லோருக்கும் பேர். பெரியப்பா, மாமி என்று சொன்னால் தெருக் கூட்டுகிறவரில் இருந்து எல்லோருக்கும் அது. ஆள் பார்த்து மாற்றினால்தான் எனக்குக் கோபம் வரும். அவள் யோசித்துவிட்டு, "சிவா பெரியப்பா எண்டு ரெண்டையும் சொல்லவா?" என்று கேட்டாள். சொல்லட்டும்.

7

அதிகாரி வந்தார். என்னுடைய ஒரு பக்கத்தை வாசித்தார். திருத்தி எழுதிய முதல் வரி இப்படி இருந்தது: 'இந்தப் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தன் தாயோ தகப்பனோ எல்லோருக்கும் முன்னால் கதிரையில் இருப்பதைக் காண்கிறது.' மிச்சத்தில் சிறிய வகுப்பும் சூடான சாப்பாடும் காடும் இருந்தன, அவையும் உண்மைதானே.

"இந்தக் கதிரை அனுமதி விண்ணப்பத்தில் இல்லையே" என்றார் அவர்.

"புதிது" என்றேன். "இனி இருக்கும்."

அனுமதி வந்தது. நாங்கள் இங்கே இருக்கிறோம்.

8

இதை எழுதி முடிக்கிற நேரம் ஊரில் இருந்து செய்தி நல்லதாக இல்லை. படுவான்கரைச் சனம் மறுபடி ஷெல் வீச்சுக்குள் வாவியைக் கடந்து கிழக்கே எழுவான்கரைக்கு வந்து முகாம்களில் கிடக்கிறது என்று கேள்விப்பட்டு, தெரிந்த இலக்கங்களுக்கெல்லாம் அடித்துக்கொண்டிருந்தேன். நேற்று மத்தியானம் நான் வேலையில் இருக்கும்போது ஒரு அழைப்பு வந்தது. பவளம். யாருடைய கைத்தொலைபேசியையோ இரவல் வாங்கியிருந்தாள்.

"நாங்க எல்லாரும் சுகம்கா. அம்மாவும் இரிக்கா. கேளு, பள்ளிக்கூடம் தொடங்கிட்டம்."

"எங்க?"

"முகாமில, கூரைக்குக் கட்டின தறப்பாளுக்குக் கீழ."

"ரீச்சர் ஆர்?"

"நான்தான். சிரியாத."

நான் சிரிக்கவில்லை. வேறு ஏதோ செய்துகொண்டிருந்தேன். பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்து என்ன என்று கேட்டார். கையைக் காட்டி ஒன்றுமில்லை என்றேன்.

"கதிரை?" என்று கேட்டேன்.

"கதிரைக்கு எங்க போற? வாளி ஒண்டக் கவுத்து வச்சிரிக்கம்."

"முறை எங்க இருந்து தொடங்கினீங்க?"

"கக்கூசுப் பக்கத்தில இருந்து" என்றாள். அவளுடைய தாயின் சிரிப்பு அப்படியே அவளிடம் இருக்கிறது. "கடைசியா வந்த ஆக்களுக்கு அங்கதான் இடம். நாத்தம் எண்டு ஒருத்தரும் அந்தப் பக்கம் திரும்புறல்ல. அதான் அங்க இருந்து. முதல் வீடு ஆர் தெரியுமா? வண்ணக்கர்ர பேரன். எங்களோட படிச்சவன்."

"அவன் வந்தானா?"

"வந்தான். வந்து தறப்பாளுக்கு வெளிய நிண்டான். நான் இதில நிக்கன் பவளம், எனக்கு என்னத்துக்கு வாளி எண்டான். உடுத்த சாரம் கிழிசல், வெக்கம் போல. அவன்ட மகள், அஞ்சு வயசு இரிக்கும், எழும்பிப் போய்க் கையப் புடிச்சாள்."

தொலைபேசியின் சொந்தக்காரர் பக்கத்தில் நின்று அவசரப்படுத்துவது கேட்டது. பவளம் வேகமாகச் சொல்லி முடித்தாள்.

"என்ன சொன்னாள் தெரியுமா வாணி? ஒருத்தரும் சொல்லிக்குடுக்கல்லகா, சத்தியமா. 'இருங்கப்பா, எங்கட முறை' எண்டாள்."